க்ளெனிஸ் சொன்ன மன்னிப்புகளின் எடை

மார்ச் இரண்டாம் செவ்வாய் காலை ஒன்பதேகாலுக்கு, கூலரப் ஊரின் ஒரே மருந்துக்கடையில், மருந்தாளுநர் க்ளெனிஸ் சொன்ன ‘மன்னிச்சுக்க’ கல்லாகி மேசையில் விழுந்தது. கோழிமுட்டை அளவு, சாம்பல் நிறம், நூற்று நாற்பது கிராம். கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை நிறுக்கும் நோலாவிடம், அவளுடைய வலிப்பு மாத்திரை வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள்.

“பல்லு கில்லு விழுந்துடுச்சாடி?” என்றாள் நோலா.

“இல்ல. மன்னிச்சுக்கன்னு சொன்னேன், அதான்.”

நோலாவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் பதினோரு மாத்திரைகள் இருந்தன. அவற்றைப் பாதிப் பாதியாக உடைத்து விழுங்கத் தொடங்கினாள். அந்த மாதமே குழந்தைகளின் ஆன்டிபயாடிக் சிரப் நின்றது, தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டைகள் நின்றன. ஆளுக்கொரு கல் விழுந்தது. வாரத்துக்கு வாரம் பெருத்து, கால்பந்து அளவுக்கு வந்தது. பழக்கதோஷத்தில் க்ளெனிஸ் ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் ஒட்டிக் கொடுத்தாள். நாங்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு வந்தோம். கால்பந்து நடுவரைத் தவிர வேறு யாரையும் திட்டிப் பழகாத ஊர்.

மாநிலத் தலைநகர் பெர்த்திலிருக்கும் மருந்து விநியோகக் கம்பெனிக்கு க்ளெனிஸ் தினமும் போன் போட்டாள். பதிவு செய்த குரல் நாற்பது நிமிடம் ‘வருந்துகிறோம்’ என்றது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணல் துகள்கூட விழவில்லை.

கடைசிப் பாதியும் தீர்ந்த நாலாம் நாள், நோலா வெட்டிவெட்டி இழுத்தபடி எடைமேடைப் படியிலிருந்து விழுந்தாள். நெற்றியில் ஏழு தையல். வலிப்பு வந்தவள் என்பதால் ஓட்டுநர் உரிமமும் போனது. பார்க்க வந்த க்ளெனிஸ் வாயைத் திறந்ததுமே நோலா கையால் பொத்தினாள்.

“வாய மூடுடி, கால்ல போட்டுறாத. ஊர்ல இருக்கிற அத்தனை கல்லையும் எடைமேடைக்குக் கொண்டாரச் சொல்லு. நான் நிறுக்குறேன்.”

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தவையும், நாங்கள் வெட்கமில்லாமல் தோட்டத்துக்கு வரப்பு கட்டியிருந்தவையும் வந்துசேர்ந்தன. நாலு டன் நூற்றிருபது கிலோ. நெற்றிக் கட்டோடு நோலா சீட்டு எழுதினாள். மருந்து வரும் நீலப் பெட்டிகளைக் கம்பெனி வேன் மாலையில் காலியாகத் திருப்பி எடுத்துப்போகும். அவற்றில் அடுக்கினோம்.

“காலிப் பெட்டிதானே? ஏன் இந்தக் கனம்?” என்றான் ஓட்டுநர் டாரில்.

“உங்க கம்பெனி குடுத்ததுதான்டா. திருப்பித் தர்றோம், தூக்கு,” என்றாள் நோலா.

ஆறு நாள், வண்டி வண்டியாகக் கற்கள் போயின. ஏழாம் நாள், கம்பெனிக் கிடங்கில் கல்லுக்கு இடம் பண்ண அலமாரியை நகர்த்தியவர்கள், அதன் பின்னால் நோலா விழுங்கும் மாத்திரைப் பெட்டி ஒன்று ஜனவரியிலிருந்தே கிடப்பதைக் கண்டார்களாம். இரண்டு பாக்கெட் வந்தது. கூடவே, இனிமேல் அந்நியப் பொருட்களை அனுப்ப வேண்டாம் என்று ஒரு கடிதம்.

“இந்தா,” என்று க்ளெனிஸ் நீட்டினாள். எதுவும் விழவில்லை. நோலா அங்கேயே ஒன்றை விழுங்கிவிட்டு நகர்ந்தாள். அடுத்து நின்றவள், காதைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையோடு சிரப்புச் சீட்டை நீட்டினாள். க்ளெனிஸ் சிரப் இல்லாத அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். கல் விழுவதற்கென்று வைத்திருந்த வாளியைக் காலால் இழுத்து நேராக வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.