குடமுருட்டிக் கரையில் நின்ற கார்

கார் வேகம் தணிந்து, ஆற்றங்கரை வாகை மரத்தடியில் ஒதுங்கி நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்ஸீட்டில் பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்திருந்த சௌந்தரநாயகி, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

வலது பக்கம், கரைக்குக் கீழே, அவர்களுடைய வயல். குறுவை நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. அறுக்க வேண்டியவர்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டினால்தான் இறங்குவது என்று சங்கத்தில் முடிவு.

அவள் கணவர் துரைராசு எப்போதும் இப்படித்தான். தஞ்சாவூரில் கல்யாணம், முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்றாலும் வயலுக்கு நேராகக் காரை நிறுத்துவார். இறங்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பார்ப்பார். அந்தப் பார்வைக்கே வரப்பில் உள்ளவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆட்சி மாறிவிட்டது, நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது, கீழத்தெருவில் சிவப்புக் கொடியும் ஏறிவிட்டது. இந்தக் கார் நின்றால் எழுந்து நிற்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் எழுந்தார்கள்.

சாம்பல் நிற ஹம்பர் அது. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீரைக்கூட துரைராசு வேட்டித்துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். சௌந்தரநாயகிக்குக் காய்ச்சல் என்றால் மிளகுக் கஷாயம். ஹம்பர் இருமினால் திருச்சியிலிருந்து மெக்கானிக். டிரைவர் வீரையன் வேலையை விட்டுச் சங்கத்தில் சேர்ந்த பிறகு, வேறு யாரையும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை.

பின்கதவுகளுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. முன்பு இருந்தது. போன வருஷம் இதே கரையில் பெண்கள் காரை மறித்துக் கூலி கேட்டபோது, அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். மறித்தவர்களில் ஒருத்தியான காளியம்மாளின் இடுப்பில் குழந்தை அனலாய்க் கொதிப்பதைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊர் திரும்பியதும், துரைராசு தானே உட்கார்ந்து கைப்பிடிகளைக் கழற்றினார். கண்ணாடி இறக்குகிற பிடியையும் விடவில்லை. "துருப்பிடிச்சுப் போச்சு," என்றார். அன்றிலிருந்து எங்கே போனாலும், அவர் இறங்கிச் சுற்றி வந்து திறக்கிறவரை அவள் மடியில் கைவைத்துக் காத்திருக்க வேண்டும்.

இப்போதும் காத்திருந்தாள். தோல் ஸீட்டு சூடேறி முதுகில் ஒட்டியது. அவருடைய பிடரியும் எண்ணெய் வைத்துச் சீவிய முடியும்தான் அவளுக்குத் தெரிந்தன. தலையை ஓரச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டு வயலைப் பார்க்கிறார். கோபமாக இருப்பார். இப்போது வாயைத் திறக்கக் கூடாது. கீழே அவர்களும் அசையாமல் நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை. முன்மூடியின் இடுக்கிலிருந்து மெல்லப் புகை மாதிரி ஆவி கிளம்பியது. பிறகு குபுகுபுவென்று வந்தது. ஹம்பர் கொதிக்கிறது. துரைராசு அசையவில்லை.

அவள் முன்ஸீட்டுப் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, இன்ஜின் கொதிக்குதுங்க."

தோளைத் தொட்டாள். தலை நழுவி நெஞ்சில் விழுந்தது. அவள் கை தானாகக் கதவுக்குப் போய், கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டையைத் தடவியது. கண்ணாடியை அறைந்தாள். முன்ஜன்னல் திறந்துதான் இருந்தது. "காளியம்மா" என்று அதன் வழியாகக் கத்தினாள். இவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது.

காளியம்மாள் கரையேறி வந்தாள். காருக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"கதவைத் தொறடி."

"தொட மாட்டோம்மா. காரைத் தொட்டோம்னுதானே போன மாசம் எங்க ஆளுங்களை ஸ்டேஷன்ல உக்கார வச்சாரு. ஐயாவையே எறங்கித் தொறக்கச் சொல்லுங்க."

"அவங்களுக்கு முடியலடி."

"எங்களுக்கு மட்டும் முடியுதா? இந்த வெயில்ல நிக்க வச்சு மொறைச்சுக்கிட்டே இருக்காரு."

"மொறைக்கல. கிட்ட வந்து பாரு."

காளியம்மாள் குனிந்து முன்ஜன்னலுக்குள் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்தும்மா?"

"நிறுத்துனப்பவே இருக்கும்."

"நீங்க பின்னாடிதானே இருந்தீங்க."

"நீங்கள்லாம் எதுத்தாப்லதானே நின்னீங்க."

காளியம்மாள் வயல் பக்கம் திரும்பி, "வீரையண்ணே, மேல வாங்க," என்று கூப்பிட்டாள். பிறகு முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். திறந்த கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். சௌந்தரநாயகியின் முகத்தைப் பார்த்தாள்.

வீரையன் வந்து ஐயாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். கையை நீட்டி, சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. அதன் பிறகுதான் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவரைப் பக்கத்து ஸீட்டுக்கு நகர்த்திச் சாய்த்தான்.

"போயிடுச்சும்மா," என்றான். "ஆனாலும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாம். ரேடியேட்டர் ஆறட்டும். இப்ப மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்."

"நீ ஓட்டலாமா? சங்கத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. நாளைக்கு வரப்புல உக்காரத்தாம்மா போறோம். அது வேற, இது வேற."

சௌந்தரநாயகி இறங்கினாள். செருப்பு காருக்குள்ளேயே கிடந்தது. தார்ச்சாலை சுட்டது. புல் இருந்த ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டாள். அழ வேண்டும் என்று தெரிந்தது. நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

"குடிக்க ஏதாவது வச்சிருக்கியா?"

"நீராகாரந்தான் இருக்கு." காளியம்மாள் தயங்கினாள். "எங்க வூட்டுது."

"குடு."

வாகை வேரில் வைத்திருந்த தூக்குவாளியை எடுத்து, அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். சௌந்தரநாயகி அண்ணாந்து குடிக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்தே குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து பட்டில் இறங்கியது. கீழே நின்றவர்கள் பார்க்காத மாதிரி வயலைப் பார்த்தார்கள்.

ரேடியேட்டர் ஆறிய பிறகு, காரின் மூடிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு தடவை செருமிவிட்டுக் கிளம்பியது.

"ஏறுங்கம்மா," என்றான் வீரையன். "வண்டி ரெடி."

அவள் திரும்பவில்லை. தூக்குவாளி மூடியின் அடியில் தங்கியிருந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று காளியம்மாளிடம் நீட்டினாள்.