வண்டியில் இல்லாதவள்

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, தான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்ட செய்தி குருவிக்குத் தெரிய வந்தது. சொன்னவன் அவளுடைய அண்ணன். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கட்டிலோரம் நின்றிருந்தான்.

"லாரிதானே அண்ணா இடிச்சுது?"

"எங்களை இடிச்சுது. என்னையும் உங்க அண்ணியையும். நீ வீட்ல விழுந்த. டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீ எதையும் போட்டுக் குழப்பிக்காத."

இடுப்பெலும்பு உடைந்து கிடப்பவளிடம் இப்படிப் பேச ஒரு தனி மனசு வேண்டும். அவனுக்கு அது தாராளமாக இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனதாகத் தெரிந்தால் தப்பு உங்கள் மேலும் விழும், நஷ்டஈட்டில் கை வைத்துவிடுவார்கள் என்று வக்கீல் ஒருவர் போனில் ஓதியிருந்தார். தங்கைக்கு ரத்தம் நிற்பதற்குள் வக்கீலைப் பிடித்துவிட்ட அந்தச் சுறுசுறுப்பை அவன் வாழ்நாளில் வேறு எதிலும் காட்டியதில்லை. ஆக, மூன்று பேரில் ஒருவரைக் குறைத்தாக வேண்டும். வண்டி ஓட்டியவனைக் குறைக்க முடியாது. பெண்டாட்டியைக் குறைத்தால் வீட்டில் குடியிருக்க முடியாது. மிச்சம் இருந்தவள், இருவருக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்து போன குருவிதான்.

புருஷனை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்தவள் அவள். ஆயத்த ஆடை கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டுகிற வேலை. சம்பளம் வந்த வேகத்தில் அண்ணி கைக்குப் போய்விடும். ஒல்லியான உடம்பு என்பதால் வீட்டில் வைத்த பெயர் குருவி. சொந்தப் பெயரை ரேஷன் கடையில் கேட்டால்தான் அவளுக்கே நினைவு வரும்.

எலும்பில் திருகாணி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைத்தடியும் வலியுமாக அவள் துவைத்தாள், பெருக்கினாள். அண்ணிக்கு முழங்கையில் இரண்டு சிராய்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவள் மாதக்கணக்கில் முனகினாள். அண்ணனுக்குக் கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனாலும் வக்கீல் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் அந்தக் கை செத்த பாம்பு மாதிரி தொங்கும். அவர் தெரு முனை தாண்டியதும் அதே கையால் கிரிக்கெட் பார்த்தபடி ரிமோட்டை அழுத்துவான்.

வருஷம் ஒன்று கழிந்தும் வலி அடங்கவில்லை. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூட்டுக்கு ரத்தம் போகவில்லை, செயற்கை மூட்டு வைத்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் ஊன்றி நிற்கவே முடியாமல் போகும் என்றார். நிற்க முடியாதவளுக்கு வெட்டு மேசையில் வேலை கிடையாது. குருவி அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்றான்.

அண்ணி கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "அந்தப் பணத்துல மாடில ஒரு ரூம் கட்டணும்னு இருக்கோம். இவளுக்கென்ன, வீட்டோட இருக்கிறவதானே. நடந்து எங்க போகப் போறா?"

குருவிக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. கூட்டி அள்ளிய குப்பையை வாசலில் கொட்டப் போனவள், அதை அண்ணி தலையில் கொட்டினால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். பேராசைக்காரனுக்கு நிறுத்தத் தெரியாது. அடிபட்டவனைக் கவனித்துக்கொள்ள ஆள் வைத்த செலவையும் கேட்கலாம் என்று வக்கீல் கண்டுபிடித்தார். கவனித்துக்கொண்ட ஆள் யார்? தங்கை. அண்ணனுக்காக வேலையை விட்டுவிட்டு இரவு பகலாகப் பாடுபட்டவள். குருவியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர்கள், இப்போது ஆயாவாக ஏற்றினார்கள். அவள் வாயாலேயே சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"ரெண்டே கேள்விம்மா. ஆமா, ஆமான்னா போதும்" என்றார் வக்கீல். "கைத்தடி மட்டும் வேண்டாம். வெளியே வச்சிட்டு வந்துடுங்க."

விபத்து வழக்குகளை விசாரிக்கிற அந்த அறையில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. முதலில் லாரி டிரைவர் ஏறினான். நடுரோட்டில் தன் துண்டை மடித்துக் குருவியின் தலைக்கு அண்டக் கொடுத்தவன் அவன்தான். வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, சொல்லிக்கொடுத்தபடி, "ரெண்டு பேருங்க" என்றான். அவள் உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பவில்லை. லாரிக்காரருடைய இன்சூரன்ஸ் வக்கீலுக்கும் அதில் மனக்குறை இல்லை. மூன்றாவது ஆள் என்று ஒருத்தி முளைத்தால் அவளுக்கும் அல்லவா பணம் தர வேண்டும்? மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் குருவி இல்லை என்பதில் மட்டும் ஒரே குரலாக இருந்தார்கள்.

அவளைக் கூப்பிட்டார்கள். பெஞ்சுக்கும் கூண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. ஆனால் கூண்டில் ஏற ஒரு படி இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றதைத் துணி மூட்டையாக இழுத்துக்கொண்டு ஏறினாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இவரைக் கவனிச்சுக்கிட்டது நீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"இந்தக் காலோடவா? உங்க காலுக்கு என்னம்மா ஆச்சு?"

அண்ணனின் வக்கீல் எழுந்து, "அது வீட்டு விஷயம் ஐயா, குளியலறையில..." என்று ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கல" என்றார் நீதிபதி.

குருவி திரும்பிப் பார்த்தாள். அண்ணன் 'சொல்லு, சொல்லு' என்று தலையாட்டினான். அண்ணியும் ஆட்டினாள். இத்தனை நாள் இவர்களுக்குப் பயந்ததாக நினைத்திருந்தாள். பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. போயும் போயும் இந்த மூஞ்சிகளுக்காகவா ஊனமாகப் போகிறோம்?

"லாரி ஏத்துச்சு ஐயா. அதே வண்டி, அதே லாரி. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் உட்கார்ந்திருந்தேன்."

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"யாரும் கேக்கல ஐயா. நான் எங்க விழுந்தேன்னு எல்லாரும் எனக்குச் சொன்னாங்க."

இன்சூரன்ஸ் வக்கீல், "மூன்று பேர் பயணம்! குறித்துக்கொள்ள வேண்டும் ஐயா" என்று துள்ளி எழுந்தார். எழுந்த பிறகுதான் அதன் மறுபக்கம் உறைத்திருக்க வேண்டும், மெதுவாக உட்கார்ந்தார். நீதிபதி டிரைவரை மறுபடி ஏறச் சொன்னார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தம்மாவைத்தாங்க முதல்ல தூக்கினேன்" என்றான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" நீதிபதி அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதக் கட்டைப் பிரித்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

"இருந்தா ஐயா" என்று அசடு வழிந்தான். "எங்க வீட்டுப் பொண்ணுதானே, அவளுக்குத் தனியா எதுக்குன்னு..."

அறையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சட்டப்படி நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது, உடனே ஒரு வக்கீலைப் பார்க்கட்டும் என்றார் நீதிபதி. வழக்கில் பொய் சொன்னதற்கு விசாரிக்க வேண்டும் என்று, அண்ணனைப் போகவிடாமல் கூண்டில் ஏறச் சொன்னார்.

குருவி வெளியே வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த தடியை எடுத்து ஊன்றினாள். பின்னாலேயே செருப்புச் சத்தம். அண்ணனின் வக்கீல், வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். உங்க கேஸ் ரொம்ப நல்ல கேஸ்ம்மா. உங்க அண்ணன் கேஸைவிட நல்ல கேஸ். நானே நடத்தித் தர்றேன். முன்பணம்கூட வேண்டாம்."

குருவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க உள்ள போங்க சார்" என்றாள். "எங்கண்ணனுக்கு இனிமேதான் வக்கீல் வேணும்."