குஞ்சு தேறிவிட்டதாம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கத்தி பிடித்துப் பிழைக்கிறவன் கை நடுங்கக் கோபப்பட்டால் தொழில் என்னாவது? கடையில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. வீட்டில் உண்டு, மறுக்கவில்லை.

முன்பக்கம் சலூன், பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு கம்பிவலைக் கூண்டு. கூண்டில் என் மனைவி ஆசைப்பட்டு வாங்கிவிட்ட கோழிக்குஞ்சுகள். ஒருநாள் காலையில் தீனி போடப் போனவள் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தாள். வால் முளைக்கிற இடத்தில் தோல் உரிந்து சதை சிவப்பாகத் தெரிந்தது. கூட இருந்ததெல்லாம் சேர்ந்து கொத்தியிருந்தன.

"இது தேறாதுங்க," என்றாள்.

யாருக்காவது கத்தி பட்டுவிட்டால் என் கை தானாகப் படிகாரத்துக்குப் போகும். அன்றைக்கும் போயிற்று. ஈரப் படிகாரத்தைக் காயத்தில் வைத்ததும் குஞ்சு போட்ட சத்தத்தில், பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த என் மச்சான் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். என் மனைவியின் தம்பி அவன். கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது.

"என்ன மாமா, இது என்ன கஸ்டமரா, படிகாரம் தேய்க்கிறீங்க? ஊதா மருந்து போடணும். சிவப்பு தெரிஞ்சா மத்ததுங்க விடாது, கொத்திக்கிட்டே இருக்கும்."

அவனே போய் மருந்து வாங்கி வந்தான். நான் பிடித்துக்கொள்ள, அவன் பஞ்சில் தொட்டுத் தடவினான். பவுடர் டப்பாக்கள் வந்த அட்டைப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். தனியாக விட்டதும் குஞ்சு ஓயாமல் கத்தியது. பின்னந்தலையைக் காட்டுவதற்கு வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தேன். கண்ணாடிக்குள் இன்னொரு குஞ்சைப் பார்த்த பிறகுதான் அதன் வாய் அடங்கியது. அதன் மேலேயே சாய்ந்து தூங்கியும் போனது.

வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அதுக்கு எப்ப ஷேவிங்?" என்றார் ஒருவர். மூன்றாவது நாற்காலி போட வேண்டியதுதானே என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். மச்சான் எல்லோருக்கும் வாயாடிக்கொண்டே, ஊறவைத்த தீனியை விரல் நுனியில் எடுத்து ஊட்டுவான். என்னைவிட அவனிடம்தான் அது ஒட்டிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அவனை நம்பினேன் என்று சொன்னால் குறைவு. நம்புகிறோம் என்கிற நினைப்பே வந்ததில்லை, அப்படி இருந்தோம்.

காயம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்தது. ஆனாலும் இறகு முளைக்கவில்லை. ஊதா வெளுத்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இறகு மூடுகிறவரை கூண்டில் விடக் கூடாது என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் சித்திக்குக் கண் ஆபரேஷன். இரண்டு பேரும் போய் இருந்துவிட்டு வரலாம் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். கடையை விட்டு நான் எங்கும் போகிறவன் இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க மாமா. குஞ்ச நான் பாத்துக்கறேன்," என்றான் மச்சான்.

போன இடத்தில் மறுநாள் அவளுக்கு போன் வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"யாரு?"

"தம்பிதான். குஞ்சு தேறிடுச்சாம். நல்லா இருக்காம்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சித்தியிடம்கூட அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன். கண்ணில் கட்டோடு அவரும் சிரித்தார்.

திரும்பி வந்தபோது நல்ல வெயில். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வேலை நாளில் அது இறங்கினதே கிடையாது. மச்சானுக்கு உடம்புக்கு ஏதாவதா? வீட்டு வழியாக உள்ளே ஓடினேன். இரண்டாவது நாற்காலி இல்லை. கைக்கண்ணாடி அலமாரியில் ஒழுங்காக இருந்தது. பல்பு வெறுந்தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

கூண்டுக்குப் போனேன். தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால் குஞ்சு கிடந்தது. அதே இடத்தில்தான் கொத்தியிருந்தன, இந்தத் தடவை உள்வரைக்கும். பெட்டிக்குள் கண்ணாடியோடு கிடந்து பழகிய பிறவி, ஓடிப்போய் அதுங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொத்தாத குஞ்சை மட்டும்தானே அது இத்தனை நாள் பார்த்தது. கையில் எடுத்தேன், விறைத்திருந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். குஞ்சைப் பார்க்காமல் கூண்டின் கதவைச் சாத்தினாள்.

வாசலுக்கு வந்ததும் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியாதா? மச்சான் பஸ் ஸ்டாப் எதிர்ல தனிக்கடை போட்டாச்சே. நேத்துத்தான் தொறந்தாரு."

போனேன். புது பெயிண்ட் வாசனை. நாற்காலியில், வழக்கமாக என்னிடம் தலை கொடுக்கிற ஒருவர் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மூலையில் அந்த அட்டைப் பெட்டி. உள்ளே சீப்பு, கத்தரிக்கோல், முடிவெட்டும் மெஷின், துண்டு. பெட்டியின் ஓரத்தில் மஞ்சள் நிறக் குஞ்சிறகு இரண்டு ஒட்டியிருந்தன.

மச்சான் திருதிருவென விழித்தான். "மாமா, உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் வரல மாமா. நீங்க இருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."

அவன் போனதற்காக நான் வரவில்லை. தனியாகத் தொழில் செய்ய எவனுக்கும் ஆசை இருக்கும். கேட்டிருந்தால் நானே அந்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டிருப்பேன்.

"குஞ்ச எதுக்குடா கூண்டுக்குள்ள விட்ட?"

"சாமான் எடுத்துட்டுப் போக பெட்டி இல்ல மாமா. அக்காகிட்ட போன்ல கேட்டேன். அந்தப் பெட்டிய எடுத்துக்கோ, குஞ்ச கூண்டுல விட்டுடு, அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்னு சொன்னா."

குஞ்சு எப்படி இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி கூண்டைக் கழுவிவிட்டிருந்தாள். மற்ற குஞ்சுகள் அவள் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. குனிந்தபடியே சொன்னாள்: "ஒரு குஞ்சு போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. கொத்தினது இதுங்கதான். வேணும்னா எல்லாத்தையும் குடுத்துடறேன்."

"இதுங்க மேல எனக்குக் கோபமில்ல," என்றேன். கத்தவில்லை. கடையில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். "இதுங்க சிவப்பப் பாத்துச்சு, கொத்துச்சு. நல்லா இருக்குன்னு இதுங்க யாரும் எங்கிட்ட சொல்லல."

நான் குஞ்சைப் புதைக்க மண்வெட்டியைத் தேடிப் போனேன்.