வாசல் கல்லின் விலை

அம்மாவின் பெயர் ஐந்து லட்சம். கிரானைட்டில் வெட்டி வாசலில் பதித்தால் பத்து. சமையற்கட்டுச் சுவர் என்றால் ஒன்றரைக்கே முடித்துக்கொள்ளலாம். கெஞ்சிக் கேட்டால் வைகுண்டராஜ் அதிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்.

நன்கொடை தருபவர்கள் தங்கள் அம்மா பெயரைப் பொறிக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக் கூடத்து வெள்ளைப் பலகையில் இந்த விலை எழுதியிருந்தது. கட்டப்போவது கணவனை இழந்த பெண்களுக்கு ஓர் இல்லம். வேண்டியது ஒரு கோடி. பாதியை வெளியே தெரியாமல் சேர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மேடை போட்டு மீதியை ஊரறியக் கேட்பது திட்டம். காலி உண்டியலில் எவனும் முதல் ஆளாகக் காசு போடமாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா?

நிலம், அவருக்கு மதினி முறையான வெள்ளத்தாய் கொடுப்பது. வத்திராயிருப்புச் சாலையில் நாற்பது சென்ட். வெள்ளி காலையில் பத்திரப் பதிவு. மாலையில் மேடையேறி அவளே பத்திரத்தை நீட்டுவதாகப் பேச்சு. புருஷன் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்துக்கும் அவளை முன்வரிசைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. இந்த மேடைக்கென்றே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"ஒரு சின்ன மாத்தம் மதினி," என்றார் வைகுண்டராஜ், கூடத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்தாயிடம். "பத்திரத்த மேடையில நம்ம நாச்சியார் குடுக்கட்டும்."

நாச்சியார் அவர் மனைவி. காபித் தம்ளர்களோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் தம்பி?"

ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஐயாதுரை தொண்டையைச் செருமினார். வாசல் கல்லுக்குப் பத்து லட்சம் ஒப்புக்கொண்டவர். செருமலுக்கும் அந்த மதிப்பு உண்டு. "தப்பா நெனைக்காதீயக்கா. மொத போணின்னு ஒண்ணு இருக்குல்லா? சுமங்கலி கையால ஆரம்பிச்சா மளமளன்னு வந்து விழும். நீங்க முன்ன நின்னா... எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவன் செக்கு புஸ்தகத்த மூடிருவான்."

"இது யாருக்குக் கட்டுத வீடு?"

"ஒங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான்."

"அப்ப அவளுக எந்த வாசல் வழியா உள்ள வருவாளுக?"

ஐயாதுரை காபி கேட்டார்.

"ஒங்க பேரச் சும்மாவே போட்டுருவோம் மதினி," வைகுண்டராஜ் அவசரப்பட்டார். "ஒத்தப் பைசா வேண்டாம். சமையக்கட்டுல, கெழக்குச் செவரு."

வெள்ளத்தாய் பலகையைப் பார்த்தாள். "ஒண்ணர லச்சம் தள்ளுபடியா? பலே." மேசைமேல் இருந்த மூலப்பத்திரத்தை எடுத்து உறையில் போட்டாள். "நல்ல காரியம் எங் கையால கெட வேண்டாம் தம்பி. வெள்ளிக்கெழம ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் நாச்சியாரே போயி ரேக வைக்கட்டும்."

"அதெப்பிடி? நெலம் ஒங்க பேர்லல்லா இருக்கு!"

"அங்கன மட்டும் எங் கை ஆவுமா?"

நாச்சியார் தம்ளர்களை அப்படியே தரையில் வைத்தாள். "வாங்கக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வாரேன்."

தெருவில் இறங்கியதும் கேட்டாள்: "அந்தப் பட்டுச் சேலய என்னக்கா பண்ணப் போறீய?"

"உடுத்தத்தான். பின்ன எதுக்கு எடுத்தேன்?"

அன்று மாலை பலகையில் நின்ற கணக்கு இது: வாக்கு வந்தது ஐம்பத்திரண்டு லட்சம். மண்டபத்துக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. கல்லில் ஏற ஒன்பது அம்மாக்கள். அதில், ஐயாதுரையைப் பெற்றவளையும் சேர்த்து, ஏழு பேர் விதவையாகச் செத்தவர்கள். நிலம், பாக்கி.