சித்தப்பா கடந்த துறை

மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில் எனக்குப் பதினொரு வருட வேலை. ரஜிதன் என் அண்ணன் மகன். அங்கே சேர்ந்து இரண்டு வருடம்தான். போன மாதம் சூப்பர்வைசர் இடம் காலியானபோது எல்லாரும் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். கெட்டிக்காரன், அதை மறைக்க முடியாது. அந்தப் பதவி கிடைத்தால்தான் அவன் இந்த நாட்டிலேயே தங்குவதற்கான பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். விசா மே மாதத்தோடு முடிகிறது. எனக்கோ சிட்டிசன்ஷிப் கிடைத்து ஆறு வருடம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டே நான் மனேஜரிடம் போய், அவன் வேலையை விட்டு மெல்போர்னுக்குப் போகப்போகிறான் என்றேன். சுத்தப் பொய். நேற்று வந்தவன் எனக்கு மேலே நின்று வேலை ஏவுவதா என்ற எரிச்சல். சீ! இதை எழுதவே கை கூசுகிறது. பதவி எனக்கு வந்தது. ரஜிதன் கேக் வாங்கிக்கொண்டு வந்து வாழ்த்தினான்.

திங்கட்கிழமை சீனாவிலிருந்து சரக்கு வந்திருந்தது. மதியச் சாப்பாட்டில் ரஜிதன், எங்களோடு வேலை செய்யும் லியுவிடம், பெட்டிகளில் இருந்த தியான்ஜின் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அது லியுவின் சொந்த ஊர். மனுசனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

“அறுநூறு வருசத்துக்கு முந்தி ஒரு இளவரசர். அப்போது அரசனாக இருந்தவன் அவருடைய அண்ணன் மகன். அவனுடைய அரியணையைப் பிடிக்கப் படையோடு புறப்பட்ட இவர், எங்கள் ஊரில்தான் ஆற்றைக் கடந்தார். வென்றபிறகு அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார். வானத்தின் மகன், அதாவது பேரரசன், கடந்த துறை! பறிக்கப் போன வழிக்கு எவ்வளவு பெரிய பெயர், பார்த்தீர்களா?”

“அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டான் ரஜிதன்.

“அரண்மனை எரிந்தது. அவன் என்ன ஆனான் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.”

லியு கோப்பையைக் கழுவப் போய்விட்டார். நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். காதெல்லாம் சுட்டது. ரஜிதன் தன் பாட்டுக்குப் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“தம்பி, மெல்போர்ன் கதை… அதை மனேஜரிட்டச் சொன்னது நான்தான்ரா.”

“தெரியும் சித்தப்பா. அவர் அண்டைக்கே என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர், போகப்போறியோ எண்டு.”

“நீ இல்லையெண்டு சொல்லேல்லையே?”

“ஓம் எண்டுதான் சொன்னனான். உங்களை அவருக்கு முன்னால பொய்க்காரன் ஆக்கச் சொல்லுறியளோ?”

“ஐயோ, உன்ர விசா?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “அம்மாட்ட இன்னும் சொல்லேல்லை” என்றான்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மனேஜரின் அறைக்குப் போனேன். நான் சொன்னது பொய், பதவியை அவனுக்கே கொடுங்கள் என்றேன். வேலையை விட்டே நிறுத்தினாலும் சரி என்றுதான் நின்றேன். மனேஜர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் இருந்தது.

“உங்கள் பொய்க்கு அவன் ஏன் ஓம் என்றான்?” என்று கேட்டார்.

பொய்யை ஒப்புக்கொண்டதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “நான் அவனுடைய அப்பாவின் தம்பி” என்றேன்.