சாம்ராஜின் இரங்கல் தீர்மானம்

சித்தூர் தமிழ்ச் சபையின் கமிட்டி உறுப்பினர் சாம்ராஜ், தன் அடக்கம் முடிந்த இருபத்துமூன்றாம் நாள், இரண்டாம் சனிக்கிழமை, காலைப் பதினோரு மணிக் கூட்டத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். கமிட்டியில் மொத்தம் ஒன்பது பேர். கூட்டம் நடக்கக் கோரம் ஐந்து பேர், அன்று அவரைத் தவிர வந்திருந்தது நான்கு பேர். முந்தைய மாதமும் கோரம் இல்லாமல் கலைந்திருந்தது. உறுப்பினர் சத்தியநாதன் ரேணிகுண்டாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அதனால் போதகர் ஜெபகுமார் ஐயர் ஐந்தாவது ஆளை ஒருமுறை பார்த்தார், கண்ணை மூடினார், ஆரம்ப ஜெபம் செய்தார். முதல் பொருள் மண்டபத்து மின்விசிறி. சாம்ராஜ் புது விசிறி வேண்டாம், பழையதைச் சரிசெய்தால் போதும் என்று கை தூக்கினார்.

மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த காரியதரிசி யூனிஸ் அவருடைய மனைவி. அவள் பேனா நிற்கவில்லை. எதிர்ப்பு ஒன்று என்று எழுதி, பெயரையும் எழுதினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தபோதுதான் அவர் போட்டிருந்த கோட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. அடக்கத்தன்று போட்டு அனுப்பிய அதே சாம்பல் நிறக் கோட்டு. அந்த வெயிலிலும் அவருக்கு வியர்க்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் அவளைப் பார்க்கவில்லை. அதில் புதுசு ஒன்றுமில்லை என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். உயிரோடு இருந்தபோதும் கமிட்டியில் அவர் அவளைப் பார்த்ததில்லை. இருவரும் கமிட்டியில் சேர்ந்து இருந்த ஒன்பது வருஷத்தில் அவள் கொண்டுவந்த ஒரு பொருளுக்கும் அவர் கை தூக்கியதுமில்லை.

காரணத்தை ஐயர்தான் கண்டுபிடித்தார். மிஷன் காலத்து விதிப் புத்தகத்தில் இருந்தது. பதவியில் இருக்கும்போது ஓர் உறுப்பினர் இறந்தால், இரங்கல் தீர்மானத்தைக் காரியதரிசி எழுதி வாசிக்க வேண்டும், எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும், அடுத்த கூட்டம் அந்த மினிட்ஸை உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகே பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். யூனிஸ் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தை விட்டுவைத்திருந்தாள். பெண்டாட்டி இருக்கும்போது இன்னொருவர் எழுதினால் நன்றாயிருக்காது என்று மற்றவர்கள் மரியாதைக்கு விட்டுவிட்டார்கள். மரியாதை இரண்டு வருஷம் நீடித்தது. சாம்ராஜ் ஒரு கூட்டமும் தவறவில்லை. முடிவு ஜெபத்தில் எல்லோரும் கண்மூடும்போது போய்விடுவார். அவர் பங்கு போண்டா தட்டில் அப்படியே இருக்கும்.

"இன்னாம்மே, உங்க ஊட்டுக்காரரு செத்தும் கமிட்டிய உடமாட்டேன்றாரு. எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்துக்கினே கோயில் பக்கம் வர்றதில்ல" என்பாள் கமிட்டியில் இருந்த ரிட்டயர்டு நர்ஸ் ஜெமிமா. யூனிஸ் சிரிப்பாள். இரண்டாம் சனிக்கிழமை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்காது. இந்த முறை வராவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். வந்தால், கமிட்டிக்குத்தான் வருகிறார், தனக்காக இல்லை என்பது இன்னொரு முறை உறுதியாகுமே என்றும் பயந்தாள். வீட்டுக்கு அவர் ஒரு நாளும் வரவில்லை. மாதத்தின் மற்ற நாட்களில் அவள் கேட்டைத் தாழிடாமல் வைத்திருந்தாள்.

மூன்றாம் வருஷம் தமிழ் ஆராதனையைத் தெலுங்கு ஆராதனையோடு சேர்க்கும் பொருள் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் நாற்பதுக்கும் கீழே போயிருந்தன. சேர்க்கலாம் என்று யூனிஸ் உட்பட நான்கு பேர் கை தூக்கினார்கள். கூடாது என்று ஐந்து பேர். ஐந்தாவது கை சாம்ராஜுடையது. தோற்ற பக்கத்திலிருந்து யாரோ திருப்பதிக்குப் புகார் எழுதினார்கள். மினிட்ஸ் நோட்டோடு நேரில் வரும்படி அங்கிருந்த சபை வட்டாரக் கவுன்சில் யூனிஸுக்குக் கடிதம் அனுப்பியது.

எட்டு மணி பஸ்ஸில் மலைக்குப் போகும் கூட்டத்தோடு நெருக்கிக்கொண்டு, நோட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனாள். தன்னைப் பைத்தியம் என்பார்கள், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று வழியெல்லாம் நம்பினாள். பதினோரு பேர் உட்கார்ந்த அந்தக் கவுன்சில் அவள் சொன்னதை உடனே நம்பியது. விஷயம் இதோடு முடியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு பெரியவர் மட்டும் இது உயிர்த்தெழுதல் சம்பந்தப்பட்டது, விசாரிக்க வேண்டும் என்றார். தலைவர் நாகபூஷணம் அதை ஏற்கவில்லை. உயிர்த்தெழுதல் உபதேசக் குழுவின் பொருள், இந்தக் கவுன்சிலுக்கு நிர்வாகம் மட்டும்தான் என்றார். பிறகு யூனிஸ் பக்கம் திரும்பினார்.

"சாம்ராஜ்காரு வர்றது பிரச்சனை இல்லம்மா. காயிதத்துல இருக்காரா, இல்லியா? அத்தச் சொல்லு."

"இருக்காருங்கய்யா."

"அப்ப ஓட்டு செல்லும்."

அதுவரை அவர் போட்ட ஓட்டுகள் செல்லும், அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வாசிக்க வேண்டும், அதற்கடுத்த கூட்டத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று கவுன்சில் தீர்மானித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தமிழ் ஆராதனை பிழைத்தது. சாம்ராஜுக்கு இரண்டு சனிக்கிழமைகள் மிச்சம் இருந்தன.

யூனிஸ் நான்கு நாள் எழுதினாள். கமிட்டியின் குரலில் எழுத வேண்டியிருந்தது, அவளுக்கென்று ஒரு வாக்கியத்துக்கு அதில் இடமில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை ஆழ்ந்த வருத்தத்தோடு பதிவு செய்கிறோம் என்று வழக்கப்படி முடித்துவிட்டு, அவர் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றுக்குக் கை தூக்கியதில்லை என்று ஒரு வரி சேர்த்தாள். வாசித்தபோது சாம்ராஜ் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு கேட்டார். மௌனத்துக்கு எழுந்தபோது எல்லோருக்கும் முன்னால் அவர்தான் எழுந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு உறுப்பினர்களுக்குப் போன் செய்து ஞாபகப்படுத்துவது காரியதரிசியின் வேலை. அந்த மாதம் யூனிஸ் ஒருவருக்கும் போன் செய்யவில்லை. அவள் செய்த ஒரே தப்பு அதுதான். கணக்கு அவள் மனதில் தெளிவாக இருந்தது. வழக்கமாக வரும் ஐயர், சத்தியநாதன், ஜெமிமா, அவள், ஆக நான்கு பேர். அவர் வந்தால் ஐந்து. தானே முன்மொழிந்தால் சாம்ராஜ் நிச்சயம் எதிர்ப்பார். கூட்டம் பெரிதானால் வேறு யாராவது வழிமொழிந்துவிடுவார்கள், இந்த மூவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வழிமொழிய மாட்டார்கள். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் விழுந்துவிடும். விழுந்தால் அவர் பட்டியலில் இருப்பார்.

நான்கு பேர் வந்தார்கள். அவரும் வந்தார். கடந்த கூட்டத்து மினிட்ஸை உறுதி செய்ய யாராவது முன்மொழிய வேண்டும் என்று ஐயர் மேஜையைப் பார்த்துச் சொன்னார். யூனிஸ் கை தூக்கினாள்.

"நீயாம்மே?" என்றாள் ஜெமிமா மெதுவாக. சத்தியநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வழிமொழிய யாரும் இல்லையா என்று ஐயர் ஒரு முறை கேட்டார். யூனிஸ் தூக்கிய கையை இறக்கவில்லை. ஐயர் இரண்டாம் முறை கேட்டார்.

சாம்ராஜ் திரும்பி யூனிஸைப் பார்த்தார். அவள் போன் செய்யாததும், போட்ட கணக்கும், தாழிடாத கேட்டும் எல்லாம் தெரிந்தவர்போல நிதானமாகப் பார்த்தார். பிறகு கை தூக்கினார்.

அதன்பின் ஜெமிமா தூக்கினாள், சத்தியநாதன் தூக்கினார், கடைசியில் ஐயரும். யூனிஸ் நோட்டில் குனிந்து, முன்மொழிந்தவர் யூனிஸ், வழிமொழிந்தவர் சாம்ராஜ் என்று எழுதி நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நான்கு பேர் ஆகிவிட்டதால் கோரம் இல்லை என்று ஐயர் மீதிப் பொருள்களைத் தள்ளிவைத்து, ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். கை தூக்கிய நேரத்தில் ஐந்து பேர் இருந்ததால் தீர்மானம் செல்லும் என்று திருப்பதியிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. வழிமொழிந்தவர் பெயரைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. யூனிஸ் அந்தக் கடிதத்தை நோட்டில் ஒட்டினாள். ஓட்டு விவரத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில், இறந்தபின் வந்த மூன்றையும் சேர்த்து, அவர்கள் இருவரும் ஒரே பக்கம் கை தூக்கியது அது ஒன்றுக்குத்தான்.