இரண்டு பத்தி மாரடைப்பு

இந்த நாட்டில் யாராலும் விலைக்கு வாங்க முடியாதவை மூன்று: சூரியன், கடல், நான். கடலை ஒரு துறைமுகக் கம்பெனி வாங்கிவிட்டதால் இப்போது இரண்டு.

எங்கள் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் நையாண்டி எழுதுகிறவன் நான். மந்திரியின் மீசையைப் பற்றி எழுதிய மறுநாளே சிமெண்ட் கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது. அடுத்து பற்பசை, அதற்கடுத்து வங்கி. எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் தொலைபேசி வந்ததாம். பேசியவர் ரொம்ப மரியாதையானவராம். தொலைபேசியில் மிரட்ட முடியாத விளம்பரதாரர் ஒருவர்தான் மிஞ்சினார்: செத்தவர். ஆக, நாங்கள் எழுதிய உண்மைகள் அத்தனையும் 'காலமானார்' விளம்பரக் காசில் அச்சானவை.

வாசலோர மேசையில் அந்த விளம்பரங்களை வாங்கிப்போடும் குமாஸ்தாவுக்கு சித்திரகுப்தர் என்று பெயர் வைத்தது நான்தான். வீட்டார் எழுதித் தருவதில் ஒரு சொல்கூட மாற்ற மாட்டார். வாழ்நாளெல்லாம் பெண்டாட்டியை அடித்தவன் 'பாசமிகு கணவர்' ஆவான். வட்டிக்கு விட்டுத் தெருவையே அழவைத்தவன் 'ஏழைகளின் தோழர்' ஆவான்.

"எப்படிண்ணே கை கூசாம வாங்கறீங்க? எழவு வீட்டுக் காசு, அதுல பொய் வேற."

"உன் சம்பளம் அதுலதான்டா வருது."

"பட்டினி கிடந்து செத்தாலும் சாவேன், இந்த நாற்காலியில உக்கார மாட்டேன்."

"செத்தா சொல்லியனுப்பு. பாதி விலைக்குப் போட்டுத் தரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, ஊர்வலத்தில் வைத்து எங்கள் புகைப்படக்காரரை போலீஸ் வேனில் ஏற்றினார்கள். எனக்கு அவர் அண்ணன் மாதிரி. ஏறும்போதும் படம் எடுத்துக்கொண்டேதான் ஏறினார். வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி வந்தார். சித்திரகுப்தர் கண் டாக்டரிடம் போயிருந்ததால் நான் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

அண்ணி ஒரு காகிதத்தை நீட்டினார். அண்ணன் பெயர், வயது, 'திடீர் மாரடைப்பால் காலமானார்.' கோடு போட்டதுபோல நேரான கையெழுத்து.

"யார் அண்ணி எழுதினது?"

"ஸ்டேஷன்ல."

"அவருக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையே."

"இருந்துச்சு தம்பி. பூட்ஸ் தடம். ஒரு நிமிஷம் துணிய விலக்கிக் காட்டினாங்க."

"நடந்ததை முதல் பக்கத்துல போடுவோம் அண்ணி. நான் எழுதறேன்."

"நீ எழுதுவ. ஒடம்ப யாரு குடுப்பா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு இது உங்க பேப்பர்ல வரணுமாம். வேற ஒண்ணும் வரக் கூடாதாம். இல்லேன்னா அவங்களே எரிச்சிடுவாங்களாம்."

"இத்தனை பேப்பர் இருக்கே, எங்க பேப்பர் எதுக்கு?"

"மத்ததுல வந்தா ஜனங்க நம்ப மாட்டாங்களாம்."

எங்கள் நேர்மைக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது.

"காசையும் வாங்கிக்க தம்பி. ரசீது கொண்டாரச் சொல்லியிருக்காங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு பத்தியா அண்ணி, ரெண்டு பத்தியா?"

"ரெண்டு. படத்தோட."

காசை வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தேன். ஊரில் இருக்கிற முகத்தையெல்லாம் எடுத்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது. அலுவலக மொட்டைமாடியில், அவர் தோளில் கைபோட்டு நான் சிரிக்கிற படம். கணினியில் அதைத் திறந்து என்னை வெட்டினேன். கை போகவில்லை. இன்னும் நெருக்கி வெட்டினேன். அவருடைய ஒரு காது போயிற்று. தோளில் என் நாலு விரல்கள் அப்படியே இருந்தன.